ரெண்டாவது சிலிண்டருக்கு என்னாச்சு?

காலை ஒன்பதேகால். கோயமுத்தூர் கணபதி பக்கம், லேத் பட்டறைகளுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற சின்ன கார் ஒர்க்‌ஷாப். பாதி அழிஞ்ச போர்டு, ஒரு கம்ப்ரஸர், சுவத்துல எட்டாம் நம்பர்ல ஆரம்பிச்சு வரிசையா தொங்குற ஸ்பேனர்கள், மூலையில ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். (திருப்பூர் பக்கத்துல இருக்கிறதுல இது ஒரு லாபம். கை துடைக்க துணிக்குப் பஞ்சமே இல்ல!)

அங்கே நமக்கு முன்னாடியே ஒருத்தர் ஆஜர். தேர்டு இயர் மெக்கானிக்கல். இன்பிளான்ட் ட்ரெய்னிங்! ‘நம்ம ஆளுங்கதான் சர்டிஃபிகேட்டை வாங்கிட்டு சினிமாவுக்குப் போயிடுவாங்களே’னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. தம்பியும் அந்த பிளானோடதான் முதல் நாள் வந்தாராம். “சைன் போட்டுத் தர்றேன். அதுக்கு முன்னாடி அந்த பிளக்கை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போ கண்ணு”னு மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கார். பிளக்கைக் கழட்டவே முக்கால் மணி நேரம். ஈகோவுல நல்லா அடி. அன்னிக்கு விழுந்தவர்தான், இது ஒன்பதாவது நாள்.

அன்றைய ஹீரோ, ஒரு வெள்ளை கால் டாக்ஸி. ஓனர் கம் டிரைவர் பக்கத்துலேயே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். மூணு நாளா வண்டி ஓடல. பேங்க் டியூ பதினஞ்சாம் தேதி. வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருக்கார். “போர் போச்சு. இன்ஜினை இறக்கணும். நாப்பத்தஞ்சாயிரம் ஆகும், ஒரு வாரம் டைம் குடுங்க”னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரம்மா வளையலை எடுத்துக் குடுத்துட்டாங்க. அடகுக் கடைக்குப் போற வழியில, மனசு கேட்காம இங்கே வண்டியைத் திருப்பியிருக்கார்.

“என்ன பண்ணுதுங்?” - மெக்கானிக் அண்ணன்.

“மிஸ்ஸிங் ஆகுதுங்ணா. பிக்கப்பே இல்ல. ஏ.சி. போட்டா நின்னே போகுது. இன்ஜின் லைட் வேற மினுக்கு மினுக்குனு எரியுது.”

“எப்போதிருந்து? காலைல ஸ்டார்ட் பண்ணதுமேவா, கொஞ்சம் ஓடினதுக்கு அப்புறமா?”

டிரைவர் யோசிக்கிறார். “காலைல நல்லாத்தாங்க இருக்கு. டவுனுக்குள்ள வந்து சூடானதும் ஆரம்பிச்சுடும்.”

“சி.என்.ஜி. கிட் போட்டிருக்கீங்கல்ல? காஸ்ல ஓட்டறப்ப மட்டுமா, பெட்ரோலுக்கு மாத்தினாலுமா?”

“ரெண்டுலயும்தாங்க.”

அண்ணன் தலையாட்டிக்கிட்டே டீ சொல்லி அனுப்பினார். இன்னும் பானெட்டைக்கூடத் திறக்கல. ஆனா பாதி வேலை முடிஞ்சுதுன்னு நமக்குச் சாயங்காலம்தான் புரிஞ்சது. நாம டாக்டர்கிட்ட போனா எப்போ காய்ச்சல் வந்துச்சு, ராத்திரியில அதிகமா இருக்கான்னு கேட்பாரே, அதே கதைதான். இதைக் கேட்காம நேரா ஸ்பேனரைத் தூக்குற ஒர்க்‌ஷாப்கள்தான் ஊர்ல ஜாஸ்தி.

அடுத்து ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டுக்கு அடியில பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓ.பி.டி. சாக்கெட். அமெரிக்காவுல 1996 மாடல் கார்கள்ல இருந்து இது கட்டாயம். நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல முதல் கட்டமும் 2013 ஏப்ரல்ல ரெண்டாம் கட்டமும் வந்தது. அதுல ஸ்கேனரைச் செருகினா, காரோட மூளையான இ.சி.யூ. தன் மனசுல இருக்கறதைக் கொட்டிடும். இது கொட்டினது ‘பி0302’.

தம்பி டக்குனு சொல்றார்: “பி-ன்னா பவர்டிரெயின். 0-ன்னா எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 3-ன்னா இக்னிஷன், மிஸ்ஃபயர் சமாசாரம். 02-ன்னா ரெண்டாவது சிலிண்டர்.”

சரி, சிலிண்டருக்குள்ள நெருப்பு பத்தலைங்கறது இ.சி.யூ.வுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கேமராவா வச்சிருக்காங்க? கிராங்க் ஷாஃப்ட்டோட சேர்ந்து சுத்துற பல் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கு. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்குக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஒரு சிலிண்டர் கோட்டை விட்டா, அந்த இடத்துல வேகம் ஒரு துளி குறையும். ஐடிலிங்ல நிமிஷத்துக்கு 800 சுத்துன்னா ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 400 தடவை வெடிக்கணும், அதாவது செகண்டுக்கு ஆறேழு தடவை. அதுல எது தவறுதுன்னு கணக்கு வச்சுச் சொல்லுது பாருங்க... நம்ம கிளாஸ் அட்டெண்டென்ஸ் ரெஜிஸ்டரே தோத்துடும்!

லைட் சும்மா எரியாம மினுக்கினா விஷயம் சீரியஸ். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், அங்கே இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரிய ஆரம்பிச்சுடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு நகைக்கடை சமாசாரமெல்லாம் பூசின ஐட்டம் அது. உருகிப் போச்சுன்னா பில்லைப் பார்த்து நாமளும் உருகிடுவோம்.

“கோடு வந்துடுச்சுல்லங்ணா, அப்ப கண்டுபிடிச்சாச்சா?”னு கேட்டோம்.

அண்ணன் சிரிச்சார். “எங்க வலிக்குதுன்னு சொல்லியிருக்கு. என்ன வியாதின்னு சொல்லலீங்க.” அதுக்கு அவரே ஒரு சொந்தக் கதையும் சொன்னார். ஸ்கேனர் வாங்கின புதுசுல ஒரு காருக்கு ‘பி0171’ வந்திருக்கு. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்சார் போச்சுன்னு முடிவு பண்ணி, புதுசு மாத்தி, காசும் வாங்கிட்டார். நாலே நாள்ல வண்டி திரும்ப வந்துடுச்சு. அப்புறம் பார்த்தா, இன்டேக் ரப்பர் ஹோஸ்ல அடிப்பக்கமா ஒரு வெடிப்பு. இன்ஜின் அது வழியா கள்ளத்தனமா காத்தை இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கு. “உண்மையைச் சொன்னவனைக் கழட்டி வீசிட்டேன். கஸ்டமருக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்தேன். அது எனக்கு ஃபீஸ்!”

ரெண்டாவது சிலிண்டருக்கு வருவோம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாங்க. டிரைவர் சொன்ன மாதிரியே ஆரம்பத்துல சமத்து. பத்து நிமிஷத்துல டெம்பரேச்சர் முள் நடுவுல வந்ததும், ஆரம்பிச்சது ஆட்டம். பானெட்டே குலுங்குது.

இப்போ அண்ணன் செய்யறது ரொம்ப சிம்பிள். ரெண்டாவது சிலிண்டர் மேல இருக்கிற இக்னிஷன் காயிலைக் கழட்டி மூணாவதுல மாட்டினார். மூணாவதோடதை இங்கே. கோடை அழிச்சுட்டு மறுபடி ஓட விட்டார். காயில்தான் குற்றவாளின்னா, மிஸ்ஸிங் அதுகூடவே மூணாவது சிலிண்டருக்குக் குடி போகணும். ஸ்கேனர்ல ‘பி0303’ வரணும். வரல. மறுபடியும் 0302-தான். காயில் விடுதலை!

அடுத்தது ஸ்பார்க் பிளக். அதையும் இடம் மாத்தியாச்சு. ஊஹூம். பிளக்கோட மூஞ்சியைப் பார்த்தே ஜோசியம் சொல்லலாம். லேசான பழுப்புன்னா நல்ல எரிப்பு. கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. எண்ணெய்ப் பிசுக்குன்னா உள்ளே ஆயில் ஏறுது. வெளுத்துப் போயிருந்தா சூடு அதிகம். ரெண்டாவது பிளக்ல எண்ணெயே இல்ல. இதை அண்ணன் ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். போர் போயிருந்தா எண்ணெய் இருந்திருக்கணுமே?

இன்ஜெக்டர்? காஸுக்குத் தனி இன்ஜெக்டர், பெட்ரோலுக்குத் தனி இன்ஜெக்டர். ரெண்டும் ஒரே சிலிண்டர்ல ஒரே நேரத்துல கெட்டுப்போறது நம்பற மாதிரி இல்ல. காலைல கேட்ட அந்த ஒத்தைக் கேள்வி இப்போ கைகொடுக்குது பாருங்க.

ஸ்பார்க் இருக்கு, எரிபொருள் இருக்கு. பாக்கி என்ன? அமுக்கம். கம்ப்ரஷன்!

நாலு பிளக்கையும் கழட்டி, காயில், இன்ஜெக்டர் ஒயர்களையெல்லாம் பிடுங்கிட்டு, பிளக் ஓட்டையில கேஜை முறுக்கினாங்க. (ஹெட் அலுமினியம். சூட்டோட பிளக்கைக் கழட்டும்போது அவசரப்பட்டா மரை போயிடும். தம்பிக்கு முக்கால் மணி நேரம் ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நாம பெருந்தன்மையா ஏத்துக்குவோம்.) ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கிக்கிட்டு கீ போடற உத்தியோகம் நமக்கு. முதல் சிலிண்டர் 172 பி.எஸ்.ஐ. மூணாவது 170. நாலாவது 168. ரெண்டாவது... 110!

டிரைவர் முகம் செத்துப் போச்சு. “அவங்களும் இதேதாங்ணா சொன்னாங்க.”

“ரீடிங் கரெக்ட்தானுங்க. அவங்க பொய் சொல்லல. ஆனா அமுக்கம் எந்த வழியா வெளிய போகுதுன்னு பார்த்தாங்களா?”

சிலிண்டருக்குள்ள அமுக்கின காத்து தப்பிச்சுப் போக நாலு வழி. பிஸ்டன் ரிங் தேஞ்சு கீழே போகலாம். இன்டேக் வால்வ் வழியா போகலாம். எக்ஸாஸ்ட் வால்வ் வழியா போகலாம். இல்லேன்னா ஹெட் கேஸ்கட் ஒடைஞ்சு பக்கத்து வீட்டுக்கோ தண்ணிக்குள்ளயோ போகலாம். ‘போர் போச்சு’ங்கறது இதுல முதல் வழி மட்டும்தான்.

ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை பிளக் ஓட்டை வழியா ரெண்டாவது சிலிண்டருக்குள்ள ஊத்தினார் அண்ணன். ரிங்ல தேய்மானம்னா, அந்த இடுக்கை எண்ணெய் அடைச்சுக்கும், அமுக்கம் சட்டுனு ஏறும். மறுபடி கீ போட்டோம். 114. ஏறவே இல்லைன்னு வச்சுக்கலாம். ரிங் நல்லா இருக்கு, போர் நல்லா இருக்கு. நாப்பத்தஞ்சாயிரம் ரூபாய்க் கதை ஒரு ஸ்பூன் ஆயில்ல முடிஞ்சுது.

அப்புறம்தான் அன்னிக்கு நாங்க பார்த்ததுலேயே சூப்பர் சீன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, வண்டியை கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வச்சுட்டு, பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை விட்டார். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து காதை வெச்சார். அமைதி. ஏர் ஃபில்டர் பக்கம் காதை வெச்சார். அமைதி. கூலன்ட் பாட்டில்ல குமிழி வருதான்னு பார்த்தார். இல்ல. நேரா காரோட பின்பக்கம் போய் சைலன்ஸர் வாய்கிட்ட குனிஞ்சவர், தம்பியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். தம்பி, அவருக்குப் பின்னாடி நாம, நமக்குப் பின்னாடி டிரைவர்னு வரிசையா நின்னு குனிஞ்சு கேட்டோம்.

உஸ்ஸ்ஸ்...

எக்ஸாஸ்ட் வால்வ் முழுசா மூடல!

“ஹெட்டைக் கழட்டணுங்களா?” - டிரைவர் குரல்ல பழையபடி நடுக்கம்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணுங்க. ஆனா இன்ஜின் ஆறணும். மத்தியானம் சாப்பிட்டு வாங்க.”

ஆறுறதுக்கு மூணு மணி நேரம். ஒர்க்‌ஷாப்ல ‘ஒண்ணும் செய்யாம இருக்கிறது’ம் ஒரு வேலைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அண்ணன் படிச்சது பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ.யில ரெண்டு வருஷ மோட்டார் மெக்கானிக் டிரேடு. தம்பி கேட்கிறார், “எல்லாம் எலெக்ட்ரிக் வண்டியா மாறிட்டா என்னங்ணா பண்ணுவீங்க?” கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தப்பவும் இதையேதான் கேட்டாங்களாம். “அப்ப நெசமாலுமே நாலு பேர் கடையை மூடிட்டுப் போனாங்க கண்ணு. நான் ஸ்கேனர் வாங்கினேன். அடுத்தது என்ன வாங்கறதுன்னு பார்த்துட்டு இருக்கேன்.” பயமும் இருக்கு, தெம்பும் இருக்கு.

இந்த ஊருக்குக் கழட்டி மாட்டிக் கத்துக்கறது ரத்தத்துலேயே இருக்கு. ஜி.டி. நாயுடு ஹோட்டல்ல வேலை பார்த்துச் சேர்த்த காசுல ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் போட்டு மெக்கானிசம் கத்துக்கிட்டவர். 1920-ல பொள்ளாச்சி - பழனி ரூட்ல பஸ் விட்டவர். காலேஜ் வாசலை மிதிக்காத மனுஷன்! (இதை உங்க எச்.ஓ.டி.கிட்ட அரியருக்குக் காரணமா சொல்லாதீங்க, ப்ளீஸ்.)

மணி ரெண்டரை. இன்ஜின் தொட்டா சுடல. டாப் கவரைத் திறந்தாச்சு. உள்ளே எண்ணெய்ல மினுமினுன்னு கேம் ஷாஃப்ட், ராக்கர்கள், வால்வ் ஸ்பிரிங்குகள். சிலிண்டருக்கு நாலு வால்வ்.

ராக்கருக்கும் வால்வ் தண்டோட நுனிக்கும் நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி இருக்கணும். டாப்பெட் கிளியரன்ஸ். வால்வ் சூட்டுல நீளும்ல? அது நீளறதுக்கு விட்டு வைக்கிற இடம். இடம் இல்லைன்னா, சூடானதும் வால்வ் ராக்கரை முட்டிக்கிட்டு, முழுசா மூட முடியாம நிக்கும். காலைல சமத்து, சூடானா சண்டி! எல்லா க்ளூவும் இங்கே வந்து சேருதா?

“ரெண்டாவது சிலிண்டரை கம்ப்ரஷன் டாப்ல நிறுத்தணும். எப்படித் தெரிஞ்சுக்குவே?” - அண்ணன் தம்பியைப் பார்க்கிறார்.

தம்பி கண்ணை மூடிக்கிட்டு ஏதோ முணுமுணுத்தார். “ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரெண்டும் மூணும் ஜோடி. மூணாவது சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் மூடிக்கிட்டு இன்டேக் திறக்கிற நேரத்துல... ரெண்டாவது கம்ப்ரஷன் டாப்ல இருக்கும்!”

“அட!”ன்னார் அண்ணன். வால்வ் டைமிங் டயகிராமை மூணு செமஸ்டரா பேப்பர்ல வட்டம் வட்டமா வரைஞ்சவருக்கு, அந்த வட்டம் கண்ணு முன்னாடி சுத்தறது இதுதான் முதல் தடவை. மூஞ்சியில அப்படி ஒரு லைட்டு!

ஃபில்லர் கேஜ் வந்தது. விசிறி மாதிரி விரியற மெல்லிசு தகடுகள். இந்த இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் 0.30 மில்லி மீட்டர் இருக்கணும். தம்பி 0.30 தகட்டை விட்டுப் பார்த்தார். போகல. 0.20? போகல. 0.10? ம்ஹூம். இருக்கறதுலேயே மெல்லிசு 0.05. அதுவும் போகல. இடைவெளியே இல்ல! மத்த சிலிண்டர்கள்லயும் 0.15, 0.20-னு குறைஞ்சுதான் இருந்தது. இது மட்டும் முந்திக்கிச்சு.

காரணம்? காஸ். சி.என்.ஜி. வறண்ட எரிபொருள். பெட்ரோல்ல ஓடும்போது வால்வுக்கும் அது உட்கார்ற சீட்டுக்கும் நடுவுல கிடைக்கிற மெல்லிசு பாதுகாப்பு இதுல குறைவு. காஸுக்குன்னே செஞ்ச கெட்டியான சீட் இல்லாத இன்ஜின்ல, சீட் கொஞ்சம் கொஞ்சமா தேயும். தேயத் தேய வால்வ் மேல ஏறும், மேலே இருக்கற இடைவெளி குறையும். “டாப்பெட் டிக் டிக்குனு சத்தம் போட்டா எல்லாரும் ஓடி வந்துடறாங்க. இடைவெளி குறைஞ்சா சத்தமே வராது. ஒருத்தரும் வர மாட்டாங்க. இதான் டேஞ்சர்.” வால்வ் தன் சூட்டை சீட்ல உட்கார்ந்துதான் இறக்கி வைக்குது. உட்காரவே விடலேன்னா அதோட விளிம்பு எரிஞ்சுடும். அப்புறம் ஹெட்டைக் கழட்டறதைத் தவிர வழியில்ல.

லாக் நட்டை லூஸ் பண்ணி, ஸ்குரூவைத் திருப்பி, தகட்டை உருவி உருவிப் பார்க்கணும். ரொம்ப லூஸா வரக்கூடாது, சிக்கவும் கூடாது. கனமான புத்தகத்துக்கு அடியில இருந்து புது ரூபா நோட்டை உருவற மாதிரி லேசா ஒரு பிடி இருக்கணும். முதல் ரெண்டு வால்வ் அண்ணன் வெச்சார். மிச்சத்தைத் தம்பி கையில குடுத்துட்டார். பதினாறு வால்வ் முடிக்க ஒன்றரை மணி நேரம். நடுவுல ஒண்ணை டைட்டா வெச்சு, அண்ணன்கிட்ட மாட்டி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். அண்ணன் திட்டினதை இங்கே பிரிண்ட் பண்ண முடியாது.

கவரை மூடி, புது பேக்கிங் போட்டு, பிளக் மாட்டி, கீ போட்டார் டிரைவர். குப்புனு நீலப் புகை! மனுஷன் பதறிப்போய் ஆஃப் பண்ணப் போனார். “பயப்படாதீங்க. காலைல ஊத்தின ஆயில் எரியுது.” (நீலப் புகைன்னா ஆயில், கறுப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, விடாம வெள்ளைன்னா கூலன்ட் உள்ளே போகுது. குளிர்ல காலைல லேசா வர்ற வெள்ளை வெறும் தண்ணி ஆவி. அதுக்குப் பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாதீங்க.) ரெண்டு நிமிஷத்துல புகை நின்னுச்சு. பத்து நிமிஷம். முள் நடுவுக்கு வந்துச்சு. எல்லாரும் பானெட்டையே பார்க்கிறோம். குலுங்கல. ஏ.சி. போட்டார். குலுங்கல. சூட்டோட மறுபடி கேஜ் போட்டுப் பார்த்தா ரெண்டாவது சிலிண்டர் 158.

“இன்னும் பத்து குறையுதேங்ணா?”ன்னார் தம்பி. கண்ணு நல்லாவே பழகிடுச்சு.

“வால்வ் லேசா அடி வாங்கியிருக்கு. முழுசா எரியறதுக்குள்ள பிடிச்சுட்டோம்.”

நமக்கு ஒரு சந்தேகம். ஒருவேளை இவர் அடகுக் கடைக்கே போய், அந்த நாப்பத்தஞ்சாயிரத்தைக் கட்டியிருந்தா? இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, ரிங் மாத்தியிருப்பாங்க. திரும்ப மாட்டும்போது எப்படியும் வால்வ் கிரைண்டிங் பண்ணி டாப்பெட்டும் வெச்சிருப்பாங்க. வண்டி சூப்பரா ஓடியிருக்கும்! ‘கரெக்டா கண்டுபிடிச்சாங்கப்பா’ன்னு இவரே நாலு பேருக்கு அந்தக் கடையை சிபாரிசு பண்ணியிருப்பார். அங்கே இருக்கிற மெக்கானிக்கும் தான் சொன்னது சரின்னே நினைச்சிருப்பார். அடுத்த வண்டிக்கும் அதையே சொல்லியிருப்பார். இதைக் கேட்டதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. “நானும் அப்படி எத்தனை வண்டியை இறக்கியிருப்பேனோ, யாருக்குங்க தெரியும்?”னு சொல்லிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு பில் எழுதப் போயிட்டார்.

பேக்கிங், பிளக் செட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு. டிரைவர் ரெண்டு தடவை எண்ணிக் குடுத்தார்.

“அஞ்சாயிரம் கிலோமீட்டர்ல மறுபடி கொண்டு வாங்க, கேஜ் விட்டுப் பார்க்கணும். சீட் இன்னும் தேயும். என்னிக்காவது ஒருநாள் ஹெட்டைக் கழட்ட வேண்டித்தான் வரும். இப்பவே சொல்லிடறேன்.”

“அதுக்குள்ள டியூவைக் கட்டிடுவேங்ணா.”

அவர் செல்போன்ல ஆப்பை ஆன் பண்ணின அடுத்த நிமிஷம் டொய்ங்குனு சத்தம். ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு டிரிப். வண்டி தெருமுனை திரும்பற வரைக்கும் தம்பி காதைத் தீட்டிக்கிட்டு நின்னார். அப்புறம் அண்ணன்கிட்ட திரும்பி மெதுவா கேட்டார்:

“ணா, ட்ரெய்னிங் நாளையோட முடியுது. சனிக்கிழமை சனிக்கிழமை வரலாங்களா?”

“வா. வர்றப்ப பழைய துணியா போட்டுட்டு வா. இந்தச் சட்டைக்கு உங்கம்மா என்னைத் திட்டப் போறாங்க.”